கெபியடியில் அடும்பு

பழவேற்காட்டிலிருந்து பாலத்தைக் கடந்து கிழக்கே சென்றால், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டின்மீது லைட்ஹவுஸ் குப்பம் அமைந்திருக்கிறது. அதனையடுத்து அரங்கங்குப்பம், கூனங்குப்பம், சாத்தாங்குப்பம் என மீனவர் ஊர்கள் தொடர்கின்றன. ஒருபுறம் உவர்நீர் ஏரி. மறுபுறம் வங்கக் கடல். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவுதான் என்றாலும், அங்கே கால் வைத்தவுடன் வேறோர் உலகிற்கு வந்துவிட்டதுபோல் தோன்றும்.

சித்திரை மாதத்தில் ஒருநாள் காலை அவ்வழியே நடந்தேன். மணி எட்டுகூட ஆகவில்லை. மணல் சுடத் தொடங்கிவிட்டது. மழை பெய்து மாதங்கள் பல கடந்திருந்தன. ஆனால் வலை உலர்த்தும் வெளிக்கு அப்பால், மணல்மேட்டின் சரிவெங்கும் பசுங்கொடி ஒன்று பாய் விரித்தாற்போல் படர்ந்திருந்தது. அதன்மீது செவ்வூதா நிறப் பூக்கள், புனல் வடிவில், நூற்றுக்கணக்கில் மலர்ந்திருந்தன. அவற்றுக்கு நீர் ஊற்றியவர் எவருமில்லை. எருவிட்டவரும் இல்லை. சற்றுநேரம் வெட்கத்துடன் அங்கேயே நின்றேன். அந்த வெட்கத்திற்கு ஒரு காரணம் உண்டு.

எங்கள் பங்கும் கடலோரப் பங்குதான். கோயில் வளாகத்தில் லூர்து மாதா கெபி ஒன்று இருக்கிறது. கற்றோட்டம் என்ற சொல்லைக் கேட்டறியாதவர்களும் நம் குடும்பங்களில் கெபியை அறியாமல் இரார். 1858-இல் லூர்து நகரின் மசபியேல் குகையில் நிகழ்ந்த காட்சிகளுக்குப் பிறகு, அக்குகையின் சாயலில் கற்களை அடுக்கிக் கெபி கட்டும் வழக்கம் உலகெங்கும் பரவியது. கற்களை அடுக்கினால் இடுக்குகள் இருக்கும். இடுக்குகள் இருந்தால் அங்கே ஒரு செடி வைக்க வேண்டும் என்று தோன்றும். இவ்வாறு நம் பங்குகளில் நாமறியாமலேயே கற்றோட்டங்கள் உருவாகிவிட்டன.

ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் கெபியைச் சுற்றித் தோட்டம் அமைக்கும் பொறுப்பு என்னிடமும் வேறு மூவரிடமும் ஒப்படைக்கப்பட்டது. நாங்கள் ரோஜாவும் குரோட்டன்சும் வாங்கி வந்தோம். கல்லிடுக்குகளில் செம்மண்ணும் சாண எருவும் நிரப்பினோம். அதற்குமுன், அங்கே தானாகப் படர்ந்திருந்த கொடியைக் களையென்று வேரோடு பிடுங்கி மதிலுக்கு வெளியே எறிந்தோம். தை மாதம் வரை தோட்டம் கண்ணைக் கவர்ந்தது. பங்குனியில் நாளுக்கு ஆறு குடம் நீர் ஊற்றினோம். சித்திரையில் குடிநீர் லாரிக்காகப் பெண்கள் வரிசையில் நிற்கும்போது, அவர்கள் கண்ணெதிரே ரோஜாச் செடிக்குக் குடத்தைக் கவிழ்க்க எவருக்கும் மனம் வரவில்லை. மாதாவின் வணக்க மாதமாகிய மே பிறந்தபோது கெபியடியில் எஞ்சியவை காய்ந்த குச்சிகளும் உப்புப் பூத்த மண்ணுமே. மதிலுக்கு வெளியே எறிந்த கொடியோ, விழுந்த இடத்தில் வேரூன்றிப் பூத்துக்கொண்டிருந்தது! லைட்ஹவுஸ் குப்பத்து மணல்மேட்டில் நான் கண்டதும் அதே கொடிதான். அதன் பெயர் அடும்பு.

மானின் குளம்பும் ஆட்டின் குளம்பும்

அடம்பு, அடப்பங்கொடி, ஆட்டுக்கால் அடம்பு, குதிரைக்குளம்பு என்று ஊருக்கு ஒரு பெயராக இது வழங்குகிறது. சங்கப் புலவர்கள் அடும்பு என்றனர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் மலர்களுள் இதுவும் ஒன்று. குறுந்தொகையின் 243-ஆம் பாடலில் நம்பி குட்டுவன் என்னும் புலவர், நடுவே பிளந்த இதன் இலையை மானின் குளம்புக்கும், பூவைக் குதிரையின் கழுத்து மாலையில் தொங்கும் மணிக்கும் ஒப்பிடுகிறார். அப்பூவைக் கொய்து மகளிர் கடற்கரையில் மணல் விளையாட்டு ஆடினராம்.

பல நூற்றாண்டுகள் கழித்து, 1753-இல், சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயஸ் இக்கொடிக்கு இலத்தீனில் பெயர் சூட்டியபோது, ‘பெஸ்-காப்ரே’, அதாவது ஆட்டின் பாதம், என்றார். ஐபோமியா பெஸ்-காப்ரே என்பதே இன்று இதன் அறிவியற்பெயர். குளிர்நாட்டு அறிஞரும் நெய்தல்நிலப் புலவரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே இலையில் குளம்பைக் கண்டிருக்கின்றனர். மானா, ஆடா என்பதில்தான் வேறுபாடு. என் வாக்கு மானுக்கே.

இது நம் கரைக்கு மட்டும் உரியதன்று. வெப்பநாடுகளின் கடற்கரைகளிலெல்லாம் இயற்கையாகவே வளர்வது. இதன் விதை கடல்நீரில் மாதக்கணக்கில் மிதந்தாலும் முளைக்கும் ஆற்றலை இழப்பதில்லை. 1883-இல் இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலை வெடித்து அத்தீவின் உயிரினங்கள் அழிந்தன. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1897-இல், அங்கே சென்ற தாவரவியலார் சாம்பல் படிந்த கரையில் அடும்பு படர்ந்திருக்கக் கண்டனர். எங்கிருந்தோ அலைமேல் மிதந்துவந்த விதைகள் தொடங்கிய குடியேற்றம் அது.

நீரற்ற மணலில் இது வாழும் வகையைக் கவனித்தால் வியப்பு மிகும். ஆணிவேர் ஆழச் சென்று, அடியிலுள்ள ஈரத்தைத் தேடிப் பிடிக்கிறது. தண்டோ தரையோடு தரையாகப் பல அடி தூரம் ஓடி, கணுவுக்குக் கணு வேர்விடுகிறது. ஆதலால் கொடியின் ஒரு பகுதி காய்ந்தாலும், அறுபட்டாலும், மற்றவை தனித்து வாழும். இலை தடித்துச் சதைப்பற்றோடு இருப்பதால் உப்புக்காற்று அதை எளிதில் கருக்குவதில்லை. காற்றடித்து மணல் மூடினால் செடிகள் பல மடிந்துபோகும். அடும்போ புதைந்த கணுக்களிலும் வேர்விட்டு மேலே தலைகாட்டும். இலைக்காம்பின் நுனியில் இரு சிறு சுரப்பிகள் உள்ளன. அவற்றில் ஊறும் தேனை நாடி எறும்புகள் வருகின்றன. இலையைத் தின்ன வரும் பூச்சிகளை அவை விரட்டுகின்றன. பிள்ளைகளிடம் ஓர் இலையைக் காட்டி அச்சுரப்பிகளைத் தேடச் சொல்லுங்கள். அரைமணி நேரம் வீட்டில் அமைதி நிலவும்.

மணல்மேடும் நன்னீரும்

பூவின் அழகுக்காக மட்டும் இதை எழுதவில்லை. கடலோரக் குடும்பங்களுக்கு அடும்போடு வேறோர் உறவும் உண்டு.

கடற்காற்று தரையை ஒட்டி மணலைச் சுமந்து வருகிறது. அடும்பின் படர்வைத் தொட்டதும் காற்றின் வேகம் தணிய, மணல் அங்கேயே படிந்துவிடுகிறது. படிந்த மணலின்மேல் கொடி ஏறுகிறது. அதன்மேல் மறுபடியும் மணல் படிகிறது. இராவணன் மீசை என்று நாம் அழைக்கும் முள்நுனிப் புல்லும் இதே பணியைச் செய்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து வளர்த்தெடுப்பதே மணல்மேடு. புயல் வந்து மேட்டின் முகத்தைக் கரைத்துச் சென்றால், அடுத்த மழையிலேயே கொடி கீழிறங்கி மீண்டும் வேலையைத் தொடங்கிவிடும்.

அந்த மேட்டின் அடியில்தான் நம் கிணற்று நீர் இருக்கிறது. கடல்நீரைவிட நன்னீர் எடை குறைந்தது. ஆதலால் மணலுக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரோடு எளிதில் கலந்துவிடாமல் அதன்மேல் மிதந்து நிற்கிறது. இதன் கணக்கை 1880-களின் இறுதியில் வெளியிட்டவர் பாடன் கைபன் என்ற டச்சுப் பொறியாளர். கடல்மட்டத்திற்கு மேல் ஓர் அடி உயரம் நன்னீர் நின்றால், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது அக்கணக்கு. திருப்பிப் பார்த்தால் அச்சம் தருகிறது: மேலே ஓர் அடி குறைந்தால் கீழே 40 அடி உவர்ப்பாகும். மணல்மேட்டை வெட்டிச் சமப்படுத்துவோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

டச்சுக்காரர் என்றதும் பழவேற்காட்டு மக்களுக்கு கெல்திரியா கோட்டை நினைவுக்கு வரும். 1613-இல் எழுந்த அக்கோட்டை, 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களது வாணிகத்தின் தலைமையிடமாக இருந்தது. இன்று கோட்டை இடிபாடாகக் கிடக்கிறது. கல்லறைத் தோட்டம் எஞ்சியிருக்கிறது. அதே டச்சுக்காரரின் தாய்நாட்டில், ஆம்ஸ்டர்டாம் நகரம் 1853 முதல் கடற்கரை மணல்மேடுகளிலிருந்து குடிநீர் பெற்று வருகிறது. அங்கே மணல்மேட்டின்மேல் புல் நட்டுக் காப்பது தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வேலை. நமக்கோ கடல் தானே நட்டுத் தந்திருக்கிறது. நாம் பிடுங்காமல் இருந்தால் போதும்.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வந்த ஆழிப்பேரலையை ஒரு கொடி தடுத்துவிடும் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். அடும்பு காப்பது அன்றாடக் காற்றிலிருந்தும் மெல்ல மெல்ல நடக்கும் அரிப்பிலிருந்துமே. பேரலைக்குப் பின் தமிழகக் கரையில் பல இடங்களில் சவுக்குத் தோப்புகள் எழுந்தன. சவுக்கு விறகுக்கும் கம்புக்கும் உதவும்; அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதன் அடர்நிழலிலும் தடித்த சருகு விரிப்பிலும் அடும்பு பிழைப்பதில்லை. கடலை நோக்கிய முதல் வரிசையையாவது அடும்புக்கே விட்டுவைப்பது நல்லது என்பது என் எண்ணம்.

கல்லிடுக்கில் நடும் முறை

மணலில் வாழும் கொடிக்குக் கல் எதற்கு என்று கேட்கலாம். கல்லின் அடியில் மணல் வெயில் படாமல் குளிர்ந்திருக்கும். ஈரம் விரைவில் உலராது. வேர் அங்கே இளைப்பாறும், இலை மேலே வெயில் காயும். தவிர, கற்களின்மேல் கொடி வழிந்து இறங்கும் அழகு சமதரையில் கிடைக்காது. ஐரோப்பியர் கற்றோட்டம் அமைத்தபோது மலைப் பூக்களுக்காக மலைக் கற்களைத் தேடினர். லண்டன் கியூ தோட்டத்தில் 1882-லேயே அப்படியொன்று உருவாயிற்று. நமக்குக் கருங்கல் துண்டுகளும், வீடு இடித்த செங்கல்லும், உடைந்த ஓடும் போதும்.

நாள் முழுதும் வெயில் படும் இடமாகத் தேர்ந்துகொள்ளுங்கள். நிழலில் அடும்பு இலைவிடும், பூக்காது. பெருங்கற்களை அடியில் அரைப்பங்கு புதையுமாறு வைத்து, அவற்றின்மேல் சிறு கற்களை இரண்டடி உயரத்திற்கு மேடாக அடுக்குங்கள். இடுக்குகளில் கட்டட வேலையில் மிஞ்சிய பருமணலும் நொறுக்கிய கிளிஞ்சலும் கலந்து நிரப்புங்கள். சாண எரு வேண்டாம். நாங்கள் முதலில் செய்த பெருந்தவறு அதுவே. கொழுத்த மண்ணில் இக்கொடி இலையாகவே ஓடிக்கொண்டிருக்கும். நீர் தேங்காமல் வடிய வேண்டும் என்பதே முதல் விதி. மழைக்காலத்தில் ஒரு வாரம் வேரில் நீர் நின்றால், கோடை முழுதும் தாங்கிய கொடி அழுகிவிடும்.

மணலுக்காகக் கடற்கரை மேட்டில் கை வைக்காதீர்கள். மணல்மேடுகளைச் சிதைப்பதை 1991-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையே தடை செய்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், ஒரு மேட்டை அழித்து இன்னொரு மேடு கட்டுவது என்ன நியாயம்?

நடுவதற்கு ஐப்பசி ஏற்றது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அந்நாள்களில், நன்கு முற்றிய கொடியிலிருந்து ஒன்றரை அடி நீளத்தில், மூன்று நான்கு கணுக்கள் இருக்குமாறு துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டுவாயில் பால் வடியும். அரைநாள் நிழலில் கிடத்தினால் அது உலர்ந்துவிடும். இரண்டு கணுக்கள் மணலுக்குள் புதையுமாறு சாய்த்து நட்டு, மேலே ஒரு கல்லைப் பாரமாக வையுங்கள்; காற்று அசைத்தால் வேர் பிடிக்காது. பத்தடிக்குப் பத்தடி மேட்டிற்கு மூன்று துண்டுகள் தாராளம். புதுத்தளிர் தோன்றும்வரை, ஏறத்தாழ மூன்று நான்கு வாரங்களுக்கு, மழையில்லாத நாள்களில் மட்டும் சிறிது நீர் தெளியுங்கள். பிறகு குடத்தை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடலாம்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம், சற்றுப் பொறுமை வேண்டும். காய்ந்து பழுப்பேறிய காயினுள் பொதுவாக நான்கு விதைகள் இருக்கும். மேலே வெல்வெட்டைப் போன்ற பழுப்பு மயிர். உள்ளே நீர் புகாத கடினத் தோல். மாதக்கணக்கில் கடலில் மிதக்கும் விதை ஓரிரவு ஊறப்போட்டால் மசிந்துவிடுமா? நான் ஒரு கைப்பிடி விதையை அப்படியே ஊன்றி இரண்டு மாதம் காத்திருந்தேன், ஒன்றும் முளைக்கவில்லை. பிறகு கேள்வியுற்று, காம்பு ஒட்டியிருந்த தழும்புக்கு எதிர்ப்புறத்தை உப்புத்தாளில் தேய்த்து உள்ளிருக்கும் வெண்மை சிறிது தெரிந்ததும் ஓர் இரவு நீரிலிட்டேன். காலையில் விதை பருத்திருந்தது. அவ்வாறு பருத்தவற்றை அரை அங்குல ஆழத்தில் ஊன்றினால் சில நாள்களிலேயே முளை வெளிவரும். முளைத்த உடன் விரியும் இரு இலைகளும் ஆழமாகப் பிளந்து, குளம்பு வடிவையே நினைவூட்டுவது ஒரு வேடிக்கை.

கொடிக்கு எல்லை வகுப்பது உங்கள் கடமை. வளம் கண்டால் பல அடி தூரம் ஓடக்கூடியது இது. மாதம் ஒருமுறை மேட்டின் விளிம்பைத் தாண்டும் நுனிகளைக் கிள்ளிவிடுங்கள். கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளைகள் தோன்றிப் பூவும் மிகும். வலை உலர்த்தும் இடத்திற்கு அருகே படரவிடாதீர்கள். வலையில் சிக்கிய கொடியைப் பிரித்தெடுக்கும் வேலை வீட்டாருக்கே வந்து சேரும்.

குப்பத்துத் தாய்மார்கள் முற்றத்தைப் பெருக்கி வெறுமணலாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. படர்கொடியில் பாம்பு தங்கும் என்று அவர்கள் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் பொருளற்றதன்று. கற்குவியலிலும் தேளும் பூரானும் புகும். ஆகவே வாயிற்படிக்கும் பிள்ளைகள் உறங்கும் திண்ணைக்கும் பதினைந்து அடியேனும் தள்ளியே மேட்டை அமையுங்கள். பொந்து விடாமல் இடுக்குகளை மணலால் நிரப்பிவிடுங்கள். கிள்ளும்போது கையை உள்ளே விடாமல் கோலால் கொடியை விலக்கிப் பாருங்கள்.

இன்னொன்று: அலை ஏறி இறங்கும் கரையை ஒட்டிய வெறுமணலில் இதை நடவேண்டாம். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரை நம்முடையது. அடர்ந்த கொடியும் வேரும் கூட்டினுள் புகுந்தால் குஞ்சுகள் வெளிவர இயலாமல் போகும். அங்கே கடல் எதை எவ்வளவு நடவேண்டும் என்று அறிந்திருக்கிறது.

பூவைக் கொண்டு மாலை தொடுக்க எண்ணுவோர் ஏமாறுவர். காலையில் விரியும் மலர் பிற்பகலில் சுருண்டுவிடும். பீடத்துக் கிண்ணத்தில் வைத்தால் திருப்பலி முடியும்முன் வாடத் தொடங்கும், நானே சோதித்திருக்கிறேன். கொடியில் விட்டுவைத்தால்தான் அழகு. ஒரு பூ வாடினாலும் மறுநாள் வேறு பூக்கள் இருக்கும். ஆண்டின் பெரும்பகுதியும் பூத்துக்கொண்டே இருப்பது இதன் இயல்பு. தாய்லாந்தில் சொறிமீன் தீண்டிய எரிச்சலுக்கு இதன் இலைச்சாற்றைப் பூசுவது மரபு. அந்நாட்டு ஆய்வாளர்களும் இதனை ஆராய்ந்திருக்கின்றனர். ஆயினும் தடிப்பு மிகுந்தாலோ மூச்சுத் திணறினாலோ இலையைத் தேடாமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

கடலிலிருந்து தொலைவில் வாழும் குடும்பங்கள், “எங்கள் ஊரில் மணலேது?” என்று கேட்கக்கூடும். செம்மண்ணும் பாறையுமான ஊர்களில் ஆவாரை இருக்கிறது. கல்லிடுக்கில் நீலப்பொட்டுப் போலப் பூக்கும் விஷ்ணுகிரந்தி இருக்கிறது. இரண்டும் இம்மண்ணுக்கு உரியவை, வறட்சிக்கு அஞ்சாதவை. நித்தியகல்யாணியைப் பலரும் நம் நாட்டுச் செடி என்றே எண்ணுகின்றனர். கல்லறைகளின் அருகே தானாக வளர்வதால் கல்லறைப்பூ என்றும் பெயர் பெற்ற அது, மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த விருந்தாளி. புற்றுநோய்க்கு மருந்து தந்த விருந்தாளியாதலால் அதை விரட்டச் சொல்ல எனக்கு மனமில்லை.

எங்கள் கெபிக்கு என்னவாயிற்று? அந்த ஆண்டு ஐப்பசியில் மதிலுக்கு வெளியே சென்று, நாங்கள் எறிந்த கொடியிலிருந்தே ஐந்து துண்டுகள் வெட்டி வந்தோம். எருமண்ணை வாரியெடுத்துவிட்டு மணலும் கிளிஞ்சலும் நிரப்பி நட்டோம். இரண்டு அழுகிவிட்டன, மூன்று பிழைத்தன. அடுத்த சித்திரையில் கெபியின் வலப்புறக் கற்கள் கண்ணுக்குத் தெரியவில்லை; மூன்றாம் ஆண்டு மாதாவின் பாதத்தருகே ஏறிய நுனியைக் கிள்ள ஏணி வைக்க வேண்டியிருந்தது. கிள்ளிய துண்டுகளை இப்போது எறிவதில்லை. கோயில் வாயிலில் ஒரு கூடையில் வைத்துவிடுகிறோம்; ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்புவோர் எடுத்துச் செல்கின்றனர்.